ஐந்து மில்லிமீட்டர் ஆரம்

தமிழ்ப்பள்ளியில் அணி என்றால்
உவமை, உருவகம், வேற்றுமை.
கேள்விக்கு ஐந்து புள்ளி.
முப்பத்து மூன்று வயதில்
நிபோங் திபால் வளாகத்து இரவு வகுப்பில்
இன்னோர் அணி வந்து உட்கார்ந்தது:
வரிசை வரிசையாய் எண்கள்,
பெரும்பாலும் சுழியம்,
மூலைவிட்டத்தை ஒட்டி மட்டும் கனம்.
விறைப்பு அணியாம்.
எண்ணெய் ஆலையில் மராமத்துப் பிரிவு நான்,
விறைப்பு எனக்குப் புதிதில்லை.

முழுசாய்க் கணக்கிட முடியாத இரும்பைத்
துண்டு துண்டாய்ப் பிரி.
துண்டுகள் சந்திக்கும் இடம் கணு.
ஒவ்வொரு கணுவும் எவ்வளவு நகர்ந்தது
என்று மட்டும் கேள்.
கரும்பு கடித்து வளர்ந்தவளுக்கு
இதில் சிரமமில்லை.

முதல் மாதிரிக்குப்
பிடிமானம் கொடுக்க மறந்துவிட்டேன்.
ஒரே ஒரு நியூட்டன் தள்ளினேன்.
வளையவில்லை, நெளியவில்லை,
இரும்பு அப்படியே கிளம்பி
கடைத்தெருவைத் தாண்டி
கிரியான் ஆற்றுப் பாலத்தையும் தாண்டிப் போயிற்று.
தீர்வு கிடையாது என்றது மென்பொருள்,
எங்கும் கட்டாத பொருளுக்கு.
தம்பி நித்தியானந்தனை நினைத்துச் சிரித்தேன்;
ஜொகூரில் அவனுக்கு இது நாலாவது வேலை.

செம்பனைக் குலை வேகும் ஸ்டெரிலைசர் இரண்டு.
கதவு ஒவ்வொன்றும் ஒன்றரை டன்.
ஒன்றாம் நம்பர்க் கதவைத் தாங்கும் பிராக்கெட்
இரண்டு தடவை விரிசல் விட்டது.
இரண்டாம் நம்பர்
நாலு வருஷமாய் வாய் திறக்கவில்லை.
வரைபடத்தில் இரண்டும் ஒன்றே.
அதையே புராஜெக்ட்டாக எடுத்தேன்.

வலை பின்னினேன்.
உள்மூலையில் தகைவு நூற்றுத் தொண்ணூறு மெகாபாஸ்கல்.
வலைக்கண்ணைப் பாதியாக்கினேன்: இருநூற்று அறுபது.
மறுபடி பாதி: முந்நூற்று ஐம்பத்தாறு.
இரவு ஒன்றே கால், மைலோ ஆறிவிட்டது,
நானூற்று எண்பத்தெட்டு.
கண் சிறுத்தால் மீன் தப்பாது என்பார்கள்.
இங்கே கண் சிறுக்கச் சிறுக்க
மீன் வளர்ந்துகொண்டே போனது.

கூரான உள்மூலையில் அப்படித்தானாம்.
நுணுகிப் பார்க்கப் பார்க்க ஏறும்,
ஏறுவதற்கு எல்லையே கிடையாது.
பிழை கணினியில் இல்லை,
வரைபடத்தை நம்பி நான் இட்ட மூலையில்:
ஆரம், சுழியம்.
அப்படி ஒரு மூலையை
எந்த உளியும் வெட்டியதில்லை.

விடிந்ததும் பசியாறாமல் ஓடினேன்.
டார்ச் அடித்து
இரண்டாம் நம்பரின் மூலையைத் தடவினால்
வழுவழு.
யார் தேய்த்தது?
ஷஃபிகுல் கையைத் தூக்கினான்,
தப்புச் செய்தவன் மாதிரி.
மலாயில் சொன்னான்:
கதவைப் பூட்டும்போதெல்லாம்
கையுறை அந்த மூலையில் மாட்டும், கிழியும்.
இரண்டு ஜோடிக்கு மேல் கிழிந்தால்
சம்பளத்தில் பிடித்தம்.
வந்த முதல் வாரமே கிரைண்டர் இரவல் வாங்கி
கொஞ்சம் உருட்டினானாம்.
அளந்தேன்.
ஐந்து மில்லிமீட்டர்.

அன்றிரவு அந்த ஐந்தை உள்ளே போட்டேன்.
இருநூற்று முப்பத்தொன்று.
இருநூற்று முப்பத்தெட்டு.
இருநூற்று முப்பத்தொன்பது.
அப்புறம் எவ்வளவு பொடித்தாலும்
எண் எழுந்திருக்கவில்லை.
பூனை மாதிரி அங்கேயே படுத்துக்கொண்டது.

ஆலைக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு கட்டம்:
வடிவமைப்பைத் திருத்தியவர்.
ஷஃபிகுல் பெயரை எழுதினேன்.
மேனேஜர் ஹிஷாமுடின் அதை அடித்துவிட்டு
என் பெயரைப் போடச் சொன்னார், ஊழியர் எண்ணோடு.
இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

ஒன்றாம் நம்பரை நிறுத்துவது சனிக்கிழமைதான்.
அதுவரை அதன் மூலை கூர்தான்.
படுத்தால் லயத்துக்குக் கேட்கிறது:
நீராவி சீறி அடங்குவது,
கதவு மூடுவது.
அடுத்த கதவுக்குத் தொண்ணூறு நிமிஷம்.
எண்ணிக்கொண்டு கிடக்கிறேன்.